சிக்னலில் ஆர்.எக்ஸ். 100 புது வண்டியை முந்துவது உண்மையா?

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா 1994-ல் வாங்கிய யமஹா ஆர்.எக்ஸ். 100 இப்போது அவர் கையில் இருக்கிறது. நாகர்கோவிலில் வேப்பமூடு சிக்னலில் நிற்கும்போது பக்கத்தில் வந்து நிற்கிற புது 150 சிசி வண்டிகளை, பச்சை விழுந்ததும் மணிமேடை வருவதற்குள் முந்திவிடுகிறாராம். "முப்பது வருஷ வண்டியாவது முந்துவதாவது, அவன் விட்டுக்கொடுத்திருப்பான்" என்கிறார்கள் நண்பர்கள். யார் சொல்வது சரி? முந்துவது உண்மை என்றால், கேடிஎம் டியூக் 200-ஐயும் பிடிக்க என்ஜினில் என்ன வேலை செய்ய வேண்டும்? இதுதான் கேள்வி.

வெட்டூர்ணிமடம் பக்கம் இருபத்தெட்டு வருஷமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். டூ ஸ்ட்ரோக் வண்டிகள்தான் எனக்குச் சோறு போட்டவை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தம்பி, நீங்கள் முந்துவது உண்மை. நண்பர்கள் சொல்வதிலும் பாதி உண்மை. முதலில் உங்கள் பக்கத்து நியாயத்தைப் பார்ப்போம்.

ஆர்.எக்ஸ். 100 இங்கே 1985-ல் வந்தது. 98 சிசி, 11 குதிரைத்திறன், நாலு கியர். எடை 103 கிலோ அளவுதான். அதே காலத்தில், 1994-ல் வந்த ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். என்ஜின் கிட்டத்தட்ட அதே அளவு, 97 சிசி. ஆனால் திறன் ஏழரை குதிரை அளவுக்குத்தான். ஒரே அளவு என்ஜினில் இவ்வளவு வித்தியாசம் எப்படி வந்தது? ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒருமுறை பெட்ரோல் எரிந்து பிஸ்டனைத் தள்ளும். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தள்ளு. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இருக்கிற மாதிரி தலையில் வால்வு கிடையாது, கேம் கிடையாது, டைமிங் செயின் கிடையாது. சிலிண்டர் சுவரில் இருக்கிற ஓட்டைகளைப் பிஸ்டனே மூடித் திறக்கிறது. அதனால் என்ஜினும் லேசு, உள்ளே சுற்றுகிற சாமான்களும் குறைவு, முறுக்கிய உடனே எகிறும்.

சைலன்சரும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். டூ ஸ்ட்ரோக் சைலன்சரை வெறும் புகைக்குழாய் என்று நினைக்காதீர்கள். முன்பக்கம் விரிந்து பின்பக்கம் குறுகுகிற அந்த உருவத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. வெளியே போகிற புகையோடு கொஞ்சம் புது பெட்ரோல் கலவையும் தப்பி ஓடும். குறுகுகிற இடத்தில் அழுத்த அலை மோதித் திரும்பி, ஓடிய கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளிவிடும். குறிப்பிட்ட வேகத்தில் என்ஜின் சுற்றும்போதுதான் இந்த அலை சரியான நேரத்துக்கு வந்து சேரும். ஆர்.எக்ஸ். ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும், ஆக்சிலரேட்டரை முறுக்கிக்கொண்டே வரும்போது ஒரு இடத்தில் சத்தம் மாறி வண்டி திடீரென்று இழுக்கும். அந்த இடம் இதுதான். இரண்டாவது கியரில் அது வந்து சேர்கிற நேரமும் நீங்கள் பக்கத்து வண்டியைத் தாண்டுகிற நேரமும் ஒன்றாகத்தான் இருக்கும்.

இப்போது எடைக் கணக்கு. நீங்கள் 65 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வண்டியும் நீங்களும் சேர்ந்து 168 கிலோ. 11 குதிரைக்குப் பங்கு போட்டால் ஒரு குதிரை சுமக்க வேண்டியது பதினைந்து கிலோ சொச்சம். பக்கத்தில் நிற்பது யமஹா எஃப்.இசட். என்றால் அது 137 கிலோ, திறன் பன்னிரண்டரைக்குக் கொஞ்சம் குறைவு. அதே எடை ஆள் அதில் உட்கார்ந்தால் ஒரு குதிரைக்குப் பதினாறு கிலோவுக்கு மேல் வரும். ஆக, கணக்கே உங்கள் பக்கம்தான் நிற்கிறது. புது வண்டிகளில் பின் டயர் அகலம், பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், பெரிய டேங்க், பிளாஸ்டிக் கவர் என்று எடை ஏறிக்கொண்டே போகிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு பல வண்டிகளில் கீழ் வேகத்து இழுவை மென்மையாகிவிட்டது. மைலேஜுக்காக முதல் கியரைக் கொஞ்சம் நீளமாக வைக்கிற வண்டிகளும் உண்டு. இந்த விஷயங்கள் எல்லாம் சேர்ந்துதான் முதல் முப்பது நாற்பது மீட்டரில் உங்களுக்கு உதவுகின்றன.

அந்த முப்பது நாற்பது மீட்டர்தான் நம்ம ஊர் சிக்னலில் மொத்த மைதானமும். வேப்பமூட்டிலிருந்து மணிமேடை கூப்பிடு தூரம். நடுவில் ஆட்டோ திரும்பும், பஸ் ஆள் ஏற்றும், பூக்கூடையோடு ஒரு அம்மா குறுக்கே வருவார். புது வண்டி தன் பலத்தைக் காட்டுகிற ஏழாயிரம், எட்டாயிரம் ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு என்ஜின் சுற்றுகிற கணக்கு) அங்கே இடமே கிடையாது. அதே இரண்டு வண்டிகளையும் அப்டா மார்க்கெட் தாண்டி நாலுவழிச் சாலையில் விட்டுப் பாருங்கள். எண்பதுக்கு மேல் உங்கள் நாலாவது கியர் அழ ஆரம்பித்துவிடும். புது வண்டி நிதானமாக உங்களைத் தாண்டிப் போகும்.

இன்னொரு சோதனையும் சொல்கிறேன். பின்னால் ஒரு நண்பரை ஏற்றிக்கொண்டு முயற்சி செய்தால் கணக்கு மாறிவிடும். லேசான வண்டிக்குத்தான் இரண்டாவது ஆள் அதிக பாரம். ஒரு குதிரைக்கு உங்களுக்கு 21 கிலோ, எஃப்.இசட்.டுக்கு இருபத்தொன்றரை. வித்தியாசம் கிட்டத்தட்ட காணாமல் போகிறது. அதுவும் உங்கள் என்ஜின் இன்னும் 11 குதிரை கொடுத்தால்தான். முப்பது வருஷம் ஓடி, போர் (சிலிண்டரின் உள்துளை) தேய்ந்து, ரிங் தளர்ந்த என்ஜினில் அது இருக்காது. கிக்கரைக் கையால் அழுத்திப் பாருங்கள், எதிர்ப்பே இல்லாமல் இறங்கினால் கம்ப்ரஷன் போயிருக்கிறது.

சரி, இனி நண்பர்கள் சொன்ன பாதி உண்மைக்கு வருகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் சர்வீஸ் முடித்த ஒரு ஆர்.எக்ஸ்.ஐ டெஸ்ட் பார்க்க எடுத்துக்கொண்டு போனேன். சிக்னலில் பக்கத்தில் ஒரு பையன், புது யமஹா ஆர்15. பச்சை விழுந்ததும் வழக்கம்போல் நான் முறுக்கினேன். நல்ல தூரம் முன்னால் போய்விட்டேன். மனசுக்கு நன்றாகத்தான் இருந்தது. அடுத்த நிறுத்தத்தில் அவன் மெதுவாக வந்து பக்கத்தில் நிறுத்தி, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "அண்ணா, இது எந்த வருஷ மாடல்? எங்க மாமா ஒண்ணு வச்சிருந்தாரு, சவுண்டு அப்படியே இருக்கு" என்றான். முகத்தில் தோற்ற களை இல்லை. அவன் பந்தயத்தில் இருந்ததே இல்லை. வண்டி வாங்கி மூன்று மாதம் ஆகிறது, முதல் சர்வீஸ்தான் முடிந்திருக்கிறது, மெதுவாகத்தான் ஓட்டுகிறேன் என்று அவனே சொன்னான்.

அன்றைக்கு அது எனக்கு உறைத்தது. ஆர்15-ன் கணக்கைப் போட்டால் ஒரு குதிரைக்குப் பதினோரு கிலோதான் வரும். அவன் உண்மையாகவே முறுக்கியிருந்தால் எனக்கு வேலையே இல்லை. சிக்னலில் நாம் ஜெயிக்கிற பந்தயங்களில் எதிரே இருப்பவருக்குப் பந்தயம் நடப்பதே தெரியாது. அவருக்குக் கடன் தவணை இருக்கும், பெட்ரோல் விலை இருக்கும், பையில் மடிக்கணினி இருக்கும். நாம் சிவப்பு விழுந்தபோதே தயாராகிவிடுகிறோம். குறுக்குச் சாலையின் சிக்னல் மஞ்சளாவதைப் பார்த்தே கிளட்ச்சை முக்கால்வாசி விட்டு வைத்திருக்கிறோம்.

அந்தத் தயார் நிலை எவ்வளவு தூரத்தைக் கொடுக்கும் என்று கணக்குப் பார்க்கலாம். ஒரு வண்டி மூன்று நொடியில் 40 கிமீ வேகத்தைத் தொடுகிறது என்றால் அதற்குள் சுமார் 17 மீட்டர் போயிருக்கும். அதே வண்டி, அதே ஆள், வெறும் 0.3 நொடி தாமதமாகக் கிளம்பினால், 40-ஐத் தொட்டபிறகு மூன்று மீட்டருக்கு மேல் பின்னால் இருக்கும். ஒன்றரை வண்டி நீளம். கண் சிமிட்டுகிற நேரம் அது. "ஒன்றரை வண்டி முந்தினேன்" என்று நீங்கள் சொல்வதில் என்ஜினுக்கு எவ்வளவு, விழிப்புக்கு எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம்.

பழைய வண்டிக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. என் கடைக்கு வருகிறவர்களில் நாற்பத்தைந்து, ஐம்பது வயதுக்காரர்கள் நிறைய. கருங்கல்லிலிருந்தும் குலசேகரத்திலிருந்தும் வருவார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கதை இருக்கும். வெளிநாடு போன அண்ணன் விட்டுப்போனது, கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்தது, அப்பா ரப்பர் பால் விற்ற காசில் வாங்கியது. வீட்டில் "அந்தப் பழைய சாமானை விற்றுத் தொலையேன்" என்று தினமும் கேட்டுக்கொண்டே அதை வைத்திருக்கிறார்கள். சிக்னலில் பத்து நொடி முன்னால் போவது அவர்களுக்கு அந்தக் கேள்விக்கான பதில். இந்த ஆசை எனக்கு நன்றாகப் புரியும்.

ஆனால் தம்பி, நான் உங்களுக்குச் சொல்ல வேண்டிய விஷயம் கிளம்புவதில் இல்லை, நிற்பதில் இருக்கிறது. இத்தனை நேரம் என்ஜினைப் பற்றிப் பேசியது அதற்குத்தான்.

உங்கள் வண்டிக்கு முன்னும் பின்னும் டிரம் பிரேக், விட்டம் 130 மில்லிமீட்டர். ஒரு சின்னத் தட்டு அகலம்தான். பக்கத்து வண்டிக்கு முன்னால் பெரிய டிஸ்க், பெரும்பாலும் பின்னாலும் டிஸ்க். 125 சிசிக்கு மேற்பட்ட புது மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலிருந்தே ஏபிஎஸ் கட்டாயம். டயரும் அப்படித்தான். உங்களுக்கு முன்னால் 2.50-18, பின்னால் 2.75-18. சாலையைத் தொடுகிற ரப்பர் இரண்டு விரல் அகலம்.

60 கிமீ வேகத்தில் இரண்டு வண்டிகளும் அருகருகே போகின்றன. முன்னால் ஒரு ஆட்டோ திடீரென்று நிற்கிறது. இருவரும் ஒரே நொடியில் பிரேக் பிடிக்கிறார்கள். காய்ந்த சாலை. நல்ல டிஸ்க்கும் ஏபிஎஸ்ஸும் உள்ள வண்டி சுமார் 20 மீட்டரில் நின்றுவிடும். நல்ல நிலையில் இருக்கிற டிரம் பிரேக்குக்கு 30 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பத்து மீட்டர்தானே வித்தியாசம் என்று தோன்றும். புது வண்டி முழுசாக நின்றுவிட்ட அதே புள்ளியை உங்கள் வண்டி கடக்கும்போது என்ன வேகத்தில் இருக்கும் தெரியுமா? கிட்டத்தட்ட 35 கிமீ. அவர் நின்று காலை ஊன்றுகிற இடத்தில் நீங்கள் 35-ல் போய் ஆட்டோவின் முதுகில் இடிப்பீர்கள். சிக்னலில் ஒன்றரை வண்டி முன்னால் போனவர் நீங்கள்தான் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதுவும் காய்ந்த சாலையில். நம்ம மாவட்டத்தில் ஜூன் மாதமும் மழை, அக்டோபர், நவம்பரிலும் மழை. டிரம்முக்குள் தண்ணீர் இறங்கினால், உள்ளிருந்து அதை அழுத்திப் பிடிக்கிற பிரேக் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் ஒரு மெல்லிய படலம் உட்கார்ந்துகொள்ளும். முதல் தடவை பிடிக்கும்போது எதுவுமே நடக்காது. இரண்டு மூன்று தடவை உரசி, சூடாகி, தண்ணீர் ஆவியானபிறகுதான் பிடிக்கும்.

இது எனக்கு நடந்திருக்கிறது. 2019 ஜூன். பார்வதிபுரம் மேம்பாலம் திறந்து அதிக நாள் ஆகவில்லை. ஒரு வாடிக்கையாளரின் ஆர்.எக்ஸ். 135, என்ஜின் வேலை முழுக்க முடித்திருந்தேன். புது பிஸ்டன், புது ரிங், போர் செய்த சிலிண்டர். வண்டி அம்பு மாதிரிப் போனது. பாலத்தின் மேலே மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது, அதற்குள்ளேயே ஓட்டி வந்தேன். இறங்குகிற சரிவில் ஐம்பதில் இருக்கும்போது முன்னால் போன கார் பிரேக் பிடித்தது. சிவப்பு விளக்கு எரிந்ததைப் பார்த்து நானும் பிடித்தேன். முன் பிரேக் கைப்பிடி ஹேண்டில் பார் வரைக்கும் வந்தது. வண்டி குறையவில்லை. பின் பிரேக்கை மிதித்தேன். அதுவும் இல்லை. ஐம்பதில் ஒரு நொடி என்றால் 14 மீட்டர். காருக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் வண்டியைச் செருகினேன். காரின் பக்கக் கண்ணாடி முழங்கையில் அடித்தது. ஃபுட்ரெஸ்ட் சுவரில் தேய்ந்துகொண்டே போய், கால் கட்டைவிரல் நகம் பிய்ந்து, பத்திருபது அடி தாண்டி வண்டி நின்றது. நின்றபோது பிரேக் அருமையாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அதற்குள் அது காய்ந்துவிட்டிருந்தது.

அந்த வண்டிக்கு என்ஜினில் நான் பார்த்த வேலைக்கு ஒரு வாரம். பிரேக்குக்கு நான் பார்த்தது, நட்டை இரண்டு சுற்று முறுக்கியது. வாடிக்கையாளர் கேட்டது பிக்கப் மட்டும்தான், நானும் அதை மட்டும் கொடுத்தேன். தவறு என்னுடையது. அதற்குப் பிறகு பழைய வண்டி எது வந்தாலும் முதலில் சக்கரத்தைக் கழற்றி டிரம்மைப் பார்க்காமல் என்ஜினைத் தொடுவதில்லை.

இப்போது டியூக் கேள்வி. முடியாது. 25 குதிரை, ஆறு கியர், ஆளோடு சேர்த்து ஒரு குதிரைக்கு எட்டரை, ஒன்பது கிலோ அளவு. அவர் கவனிக்காமல் இருந்தால் முதல் பத்து மீட்டர் கிடைக்கலாம். அவர் ஒருமுறை முறுக்கினால் முடிந்தது.

"போர்ட்டிங் செய்தால்?" என்று கேட்பீர்கள். எல்லாப் பையன்களும் கேட்பதுதான். சிலிண்டர் ஓட்டைகளை அரத்தால் பெரிதாக்கலாம், ஹெட்டை லேத்தில் சீவலாம், பெரிய கார்புரேட்டர் போடலாம். திறன் கூடும். எங்கே கூடும் என்பதுதான் விஷயம். எக்ஸாஸ்ட் ஓட்டையை மேலே உயர்த்தினால் பலம் எல்லாம் மேல் ஆர்பிஎம்முக்குப் போய்விடும். கீழே வண்டி செத்துவிடும். சிக்னலில் உங்களுக்கு உதவிக்கொண்டிருந்த கீழ் இழுவையைக் கொடுத்துவிட்டு, நம்ம ஊர் சாலையில் பயன்படுத்தவே முடியாத வேகத்தை வாங்குகிறீர்கள். சைலன்சருக்குள் இருக்கிற குழாயை உருவிவிடுவதும் இதே கதைதான். சத்தம் ஏறும், தெருவே திரும்பிப் பார்க்கும், அந்த அலைக் கணக்கு குலைந்து இழுவை குறையும். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட்டை மாற்றாமல் ஓட்டினால் கலவையில் காற்று அதிகமாகி, பிஸ்டன் சூடேறி, ஒரு நாள் வண்டி ஓடும்போதே என்ஜின் சீஸ் ஆகும், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி நின்றுவிடும். சீஸ் ஆனால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். கிளட்ச்சை உடனே பிடித்தால் தப்பிக்கலாம். அதற்குக் கை எப்போதும் கிளட்ச்சில் இருக்க வேண்டும். அந்தக் காலத்து டூ ஸ்ட்ரோக்காரர்கள் இரண்டு விரலைக் கிளட்ச் மேலேயே வைத்து ஓட்டுவார்கள், உங்கள் அப்பாவைக் கேளுங்கள்.

ஆர்.எக்ஸ். 100 உற்பத்தி 1996-ல் நின்றுவிட்டது. ஒவ்வொரு தடவை போர் செய்யும்போதும் சிலிண்டரின் ஆயுளில் ஒரு பங்கு போகிறது. கம்பெனி சிலிண்டர் ஒன்று கெட்டால் அதற்கு ஈடாக நல்லதாய் இன்னொன்று கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒரு டியூக்கைத் துரத்துவதற்காக உங்கள் அப்பாவின் சிலிண்டரை அரத்தில் கொடுக்க எனக்கு மனசு வராது. உங்களுக்கும் வரக்கூடாது.

டியூக்கை உண்மையிலேயே கவலைப்பட வைக்கிற பழைய வண்டி ஒன்று உண்டு. ராஜ்தூத் 350. 1983-ல் எஸ்கார்ட்ஸ் கொண்டுவந்தது, யமஹா ஆர்.டி. 350-ன் இந்திய உருவம். இரட்டைச் சிலிண்டர், 347 சிசி, முதலில் வந்த மாடல் 30 குதிரைக்கும் மேல். இன்றைக்கும் சரியாகப் பராமரித்த ஒன்று கிளம்பினால் ரோமம் சிலிர்க்கும். அந்த வண்டியிலும் இதே குறைதான். ஜப்பானில் விற்றதற்கு முன்னால் டிஸ்க் பிரேக் இருந்தது. இங்கே செலவைக் குறைக்க டிரம் வைத்தார்கள். அந்தக் காலத்தில் இந்தச் சாலைகளில் அத்தனை வேகத்துக்கு அந்த பிரேக் போதவில்லை என்பதை அதை ஓட்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 18 குதிரை இருந்தும் அது இந்த ஆட்டத்துக்கான வண்டி கிடையாது. கனமான ஃப்ளைவீல், மெதுவாக ஏறி நெடுநேரம் இழுக்கும். மேலும் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். தினமும் புது வண்டி ஓட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதை எடுப்பவர் அவசரத்தில் வலது காலை மிதிப்பார், கியர்தான் மாறும்.

இன்னொரு புது விஷயம். இப்போது சிக்னலில் ஆர்.எக்ஸ்.காரர்களை முந்துவது டியூக்கைவிட எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்தான். மோட்டாருக்கு ஆர்பிஎம் ஏற வேண்டிய அவசியமில்லை, பூஜ்யத்திலேயே முழு இழுவை. ஏத்தர் 450 எக்ஸ் 40 கிமீ வேகத்தை 3.3 நொடியில் தொடும் என்று அதைச் செய்த நிறுவனமே சொல்கிறது. கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது, ஓட்டுகிறவருக்குத் திறமையும் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்புகிற டீச்சர் சத்தமில்லாமல் உங்களைத் தாண்டிப் போவார். நான் பார்த்திருக்கிறேன். முதல் முப்பது மீட்டர் இனிமேல் நம்முடையது இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ம் பிரிவில் வருகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் ஒரு வருஷம் வரை அல்லது 10,000 ரூபாய். ஆர்சி புக்கில் இருக்கிற விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனியாக 5,000. உங்கள் வண்டி 1994 மாடல். பதினைந்து வருஷம் முடிந்து 2009-ல் ஒருமுறை புதுப்பித்திருப்பீர்கள். அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. கடைசியாக 2024, அடுத்தது 2029. ஆர்டிஓ ஆபீஸில் இன்ஸ்பெக்டர் பார்க்கும்போது சைலன்சரும் சிலிண்டரும் கம்பெனி கொடுத்தபடி இருப்பதுதான் உங்களுக்கு நல்லது. புதுப்பிக்க முடியாமல் மூலையில் நிற்கிற எத்தனையோ வண்டிகளை எனக்குத் தெரியும்.

ஓட்டிப் பார்க்கவே வேண்டும் என்றால் அதற்கும் இடம் இருக்கிறது. கோயம்புத்தூரில் கரி மோட்டார் ஸ்பீட்வே, சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம். டிராக் ரேஸ் (drag race) போட்டிகள் நடக்கின்றன. நேர்கோட்டில் அளந்த தூரம், விளக்கு விழுந்தால் கிளம்ப வேண்டும், நேரத்தைக் கருவி குறிக்கும். டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்குத் தனிப் பிரிவுகள் பார்த்திருக்கிறேன். எதிரே இருப்பவருக்கும் பந்தயம் என்று தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு பையன் மார்த்தாண்டத்திலிருந்து வண்டியை ரயிலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டு வந்தான். தோற்றுத்தான் வந்தான். ஆனால் 0.2 நொடி என்றால் என்ன என்று அதற்குப் பிறகு அவனுக்குத் தெரியும். மேம்பாலத்தில் பையன்களோடு அவன் ஓட்டுவதில்லை.

ஆரல்வாய்மொழி பக்கம் வேகம் பார்க்கப் போகிற பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. ஆடிக் காற்றில் 103 கிலோ வண்டி ஒரு லாரியைத் தாண்டி வெளியே வந்ததும் ஒரு முழம் பக்கவாட்டில் தள்ளிவிடும்.

இனி உங்கள் வண்டிக்கு நான் செய்யச் சொல்வது. போர்ட்டிங்குக்கு வைத்திருக்கிற காசில் பாதிகூட ஆகாது. இரண்டு பக்கமும் நல்ல பிரேக் ஷூ. டிரம்மின் உள்சுவரில் விரலால் தடவிப் பாருங்கள், ஓரத்தில் வரப்பு மாதிரித் தட்டுப்பட்டால் லேத்தில் லேசாகச் சீவி வட்டமாக்க வேண்டும். அளவுக்கு மேல் தேய்ந்திருந்தால் ஹப்பை மாற்றிவிடுங்கள், சீவ வேண்டாம். முன் பிரேக் கேபிளைப் புதிதாகப் போடுங்கள், பழையது இழுபட்டு உள்ளே துருப்பிடித்திருக்கும். குளச்சல், முட்டம் பக்கம் அடிக்கடி போகிறவர் என்றால் உப்புக் காற்றில் கேபிளும் ஸ்போக்கும் உள்ளுக்குள்ளேயே அரிக்கும், வெளியே தெரியாது. டயரின் பக்கச் சுவரில் நாலு எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். பட்டன் எவ்வளவு இருந்தாலும் சரி, ரொம்பப் பழைய டயர் என்றால் ரப்பர் கல்லாகியிருக்கும், மாற்றிவிடுங்கள். மழையில் ஓட்டும்போது அவ்வப்போது பிரேக்கை லேசாக உரசவிட்டு டிரம்மைச் சூடாக வைத்திருங்கள்.

இதெல்லாம் செய்வதற்கு முன்னால் ஒரு நாள் காலையில் ஆள் இல்லாத ஒரு மைதானத்துக்குப் போங்கள். தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். ஹெல்மெட், ஷூ போட்டுக்கொண்டு, 40-ல் வந்து, கோட்டைத் தொட்டதும் இரண்டு பிரேக்கையும் பிடியுங்கள். நின்ற இடம் வரை டேப்பில் அளந்து எழுதி வையுங்கள். பதினான்கு மீட்டருக்குள் நின்றால் டிரம் பிரேக்குக்கு அது நல்ல கணக்கு. இருபதைத் தாண்டினால் அன்றைக்கே வண்டியைக் கடையில் விட்டுவிடுங்கள். ஷூவும் கேபிளும் மாற்றி, ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓட்டி ஷூ படிந்தபிறகு அதே கோட்டில் மறுபடி அளந்து, இரண்டு எண்ணையும் எனக்கு அனுப்புங்கள்.